பல்கலைக்கழக நூலகம் வழியாக நாளிதழும் வார இதழும்: எந்தத் தரவுத்தளத்தில் தொடங்குவது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுக்குச் சேரும் தமிழ் மாணவர் நூலகத்தின் இணையதளத்தில் ‘செய்தித்தாள்கள்’ என்ற பகுதியைத் திறந்தால், பிரஸ்ரீடர், நெக்சிஸ் யூனி, ஃபேக்டிவா, புரோக்வெஸ்ட், கேல் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்பதைக் காண்பார். ஒவ்வொன்றின் விளக்கக் குறிப்பிலும் ‘ஆயிரக்கணக்கான இதழ்கள்’ என்ற தொடர் தவறாமல் இருக்கும். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவருக்குப் பெரும்பாலும் நேரந்தான் வீணாகும். இங்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. நமக்கு வேண்டிய செய்தி எந்த ஆண்டைச் சேர்ந்தது? அச்சான பக்கத்தை அப்படியே பார்க்க வேண்டுமா, கட்டுரையின் எழுத்து மட்டும் கிடைத்தால் போதுமா? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் பட்டியலில் பாதிக்கு மேற்பட்ட பெயர்களைப் பார்க்கவே தேவையிராது.

இந்த ஒப்பீடு வெறும் பெயர் வரிசையாகிவிடாமல் இருக்க, ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வழியிலும் அதைத் தேடுவதாக வைத்துக்கொள்ளலாம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. அதற்கு முன் அதே புயல் அன்றைய இலங்கையின் வட பகுதியையும் தாக்கிவிட்டுத்தான் பாக்கு நீரிணையைக் கடந்து வந்திருந்தது. தகவல் தொடர்பு அறுந்துபோனதால் நடந்தது என்ன என்பது உடனே வெளியே தெரியவில்லை. இதைப் பற்றி அன்றைய நாளிதழ்கள் நாள்தோறும் என்ன எழுதின என்று அறிய விரும்பும் ஆய்வு மாணவருக்கு ஆங்கில நாளிதழ்களும் வேண்டும், தமிழ் நாளிதழ்களும் வேண்டும், கடலுக்கு அப்பால் வெளியானவையும் வேண்டும். எந்த ஒரு சந்தாவும் இவை அனைத்தையும் தந்துவிடாது என்பதே இதை எடுத்துக்கொள்ளக் காரணம்.

முதலில் நூலக முகப்பில் பெரிதாக இருக்கும் ஒற்றைத் தேடுபெட்டியைப் பற்றி ஒரு சொல். அது நூல்களுக்கும் ஆய்விதழ்களுக்கும் ஏற்றது. நாளிதழ்களுக்கு அதை நம்பக் கூடாது. செய்திக் கட்டுரைகள் இலட்சக்கணக்கில் வந்து ஆய்வுக் கட்டுரைகளை மூழ்கடித்துவிடும் என்பதற்காகவே பல நூலகங்கள் அவற்றைத் தொடக்க முடிவுகளிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. அதற்கு மாறாக, மின்னிதழ்களின் அகர வரிசைப் பட்டியலைத் திறந்து இதழின் பெயரையே தேட வேண்டும். நியூயார்க் டைம்ஸ் என்று தேடினால் அது எந்தெந்தத் தரவுத்தளத்தில், எந்த நாள் முதல் எந்த நாள் வரை கிடைக்கிறது என்ற விவரம் ஒரே திரையில் வந்துவிடும். நெக்சிஸில் அந்த நாளிதழ் 1980 ஜூன் முதல்தான் இருக்கிறது. புரோக்வெஸ்டின் வரலாற்று நாளிதழ்த் தொகுப்பிலோ 1851இல் வெளியான முதல் இதழிலிருந்து இருக்கிறது, ஆனால் அண்மைய சில ஆண்டுகள் இல்லை. 1964ஐத் தேடுபவருக்கு எது வேண்டும் என்பதை இந்தக் கால வரம்பே சொல்லிவிடுகிறது. இந்தப் பட்டியலைப் பார்க்காமல் தரவுத்தளத்துக்குள் நேரே நுழைந்து, எதுவும் கிடைக்காதபோது அந்தச் செய்தியே வெளியாகவில்லை என்று முடிவுகட்டும் மாணவர்கள் பலர்.

பிரஸ்ரீடரை விரைவில் சொல்லி முடித்துவிடலாம். அன்றன்று வெளியாகும் நாளிதழை, அச்சில் உள்ள அதே பக்க அமைப்போடு, விளம்பரங்கள் உட்படக் காட்டும் சேவை அது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் இதழ்கள் அதில் உள்ளன; கைப்பேசியில் இறக்கிக்கொண்டு இணையம் இல்லாத இடத்திலும் படிக்கலாம். ஊரை விட்டு வந்தவருக்கு ஊர்ச் செய்தியும், புதிய மொழி கற்பவருக்கு அந்த மொழியின் இன்றைய நடையும் தேவைப்படும்போது இதற்கு நிகரான வேறு வழி இல்லை. ஆனால் நூலகச் சந்தா வழியே அதில் கிடைக்கும் பழைய இதழ்கள் பெரும்பாலும் சில மாதங்களுக்கு உட்பட்டவையே. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எடுத்துக்காட்ட வேண்டிய செய்தியை அதில் தேடுவது பயன் தராது. சிங்கப்பூர் போன்ற இடங்களில் பொது நூலக உறுப்பினர் அட்டையே இதற்குப் போதும் என்பதால், பல்கலைக்கழகச் சந்தா இல்லையென்று வருந்தவும் வேண்டியதில்லை.

நாளிதழின் சொந்த இணையதளத்துக்குப் பல்கலைக்கழகம் மொத்தச் சந்தா கட்டியிருப்பதும் உண்டு. நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல், ஃபைனான்ஷியல் டைம்ஸ் ஆகியவற்றை இவ்வாறு பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு திறக்கலாம். நூலகப் பக்கத்தில் உள்ள இணைப்பின் வழியாகப் பதிவுசெய்ய வேண்டும். நாளிதழின் தளத்துக்கு நேரே சென்று பதிவுசெய்தால் பணம் கேட்கும். காணொலி, வரைபடம், வாசகர் கருத்து என்று அச்சில் இல்லாதவற்றையும் பார்க்க இதுவே வழி. ஆனால் தளத்தில் இருக்கும் கட்டுரை பின்னர் திருத்தப்படலாம், தலைப்பு மாறலாம் என்பதை எடுத்துக்காட்டு தருபவர் நினைவில் கொள்ள வேண்டும்.

எழுத்து மட்டும் தரும் தளங்கள்

நெக்சிஸ் யூனியும் ஃபேக்டிவாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நாளிதழ் நிறுவனங்கள் மின்வடிவில் அனுப்பும் கட்டுரைகளைப் பெற்று, படமும் பக்க அமைப்பும் நீக்கி, எழுத்தை மட்டும் தேடத்தக்க வடிவில் தருகின்றன. கணினியிலேயே தட்டச்சு செய்யப்பட்ட எழுத்து என்பதால் தேடலில் பிழை குறைவு. ஒரு சொல்லுக்கு ஐந்து சொற்களுக்குள் மற்றொரு சொல் வர வேண்டும், ஒரு பெயர் கட்டுரையில் குறைந்தது மூன்று முறையாவது வர வேண்டும், தலைப்பில் மட்டும் தேட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதிக்கலாம். பின்னாளில் வெளியான திருத்தக் குறிப்பு கட்டுரையின் அடியில் சேர்க்கப்பட்டிருப்பதும், எந்தப் பிரிவில் எந்தப் பக்கத்தில் அச்சானது என்ற விவரம் இருப்பதும் ஆய்வாளருக்குப் பெரும் வசதி. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஒரு பொருள் எவ்வாறு எழுதப்பட்டது என்று பல நாளிதழ்களை ஒருங்கே பார்க்க வேண்டுமானால் இவற்றிலேயே தொடங்க வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சுனாமியைப் பற்றிய ஆய்வுக்கு இவை முதல் தேர்வு. 1964 புயலுக்கு ஏறக்குறைய ஒன்றும் தாரா.

இரண்டில் எது என்று கேட்டால், வணிகம், நிறுவனம், சந்தை பற்றிய ஆய்வுக்கு ஃபேக்டிவாவையே நான் பரிந்துரைப்பேன். டௌ ஜோன்ஸ் நிறுவனத்தின் தளம் என்பதால் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் முழு உரையும் அந்நிறுவனத்தின் செய்தி முகமைக் குறிப்புகளும் அதில் உள்ளன, நிறுவனங்களுக்கும் துறைகளுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுத்துப் பகுத்திருக்கிறார்கள். நீதிமன்றத் தீர்ப்பையும் செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவருக்கு நெக்சிஸ் ஏற்றது. பழகுவதற்கும் நெக்சிஸே எளிது.

இவ்வகைத் தளங்களின் குறை ஒன்றைப் பலரும் அறிவதில்லை. அச்சில் வந்த எல்லாமே இவற்றில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் எந்த நாளிதழிலும் ஊழியராக இல்லாமல் தனித்து எழுதும் பத்திரிகையாளர்கள் சிலர், தங்கள் அனுமதியின்றித் தங்கள் கட்டுரைகளை மின் தரவுத்தளங்களுக்கு விற்றது பதிப்புரிமை மீறல் என்று நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கில், 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் எழுத்தாளர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. டாசினி வழக்கு என்று நூலகத் துறையில் அறியப்படும் அந்தத் தீர்ப்பை அடுத்து, தனித்து எழுதியவர்களின் பழைய கட்டுரைகள் பெருமளவில் தரவுத்தளங்களிலிருந்து நீக்கப்பட்டன. கட்டுரையை இதழிலிருந்து பிரித்துத் தனியாகத் தருவதைத்தான் நீதிமன்றம் தவறென்றது. பக்கத்தை முழுதாகப் படம்பிடிக்கும் நுண்படச் சுருள் (மைக்ரோஃபிலிம்) அந்தத் தடையில் சிக்கவில்லை. ஆகவே 1980களில் வெளியான நூல் மதிப்புரையோ பயணக் கட்டுரையோ எழுத்துத் தளத்தில் இல்லாமல், பக்கப் படத் தொகுப்பில் மட்டும் இருக்கக்கூடும். செய்தி முகமைகள் அளித்த செய்திகளுக்கும் இதே நிலைதான்: நாளிதழின் பக்கத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி அச்சாகியிருக்கும், அந்த நாளிதழின் மின்தொகுப்பில் இராது. ஒரு நாளிதழ் ஒரு போரைப் பற்றி எத்தனை செய்தி வெளியிட்டது என்று எண்ணிக் கணக்கிடும் ஆய்வுக்கு இது சிறிய குறையன்று, முடிவையே மாற்றிவிடும்.

பக்கப் படங்கள்

இனி 1964க்கு வருவோம். புரோக்வெஸ்டின் வரலாற்று நாளிதழ்த் தொகுப்பில் இந்தியாவைப் பொறுத்தவரை முதன்மையானது டைம்ஸ் ஆஃப் இந்தியா. 1838இல் பம்பாயில் வேறு பெயரில் தொடங்கிய காலத்திலிருந்தே உள்ளது. ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து, அதில் உள்ள செய்தி, தலையங்கம், வாசகர் கடிதம், விளம்பரம், இரங்கற் குறிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக வகை பிரித்திருப்பதால், புயலுக்குப் பின் வந்த தலையங்கங்களை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் அவ்வாறே வடிகட்டிக்கொள்ளலாம். ஒரு செய்தி முதற்பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்தில் வந்ததா, ஆறாம் பக்கத்தின் மூலையில் ஒடுங்கியதா என்பதைக் கண்ணால் காண முடிவது இந்த வகையின் தலையாய பயன். வரலாற்று ஆய்வேடு எழுதுபவர் நூலகத்தில் எந்தத் தளத்துக்கு முதலில் செல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் தயங்காமல் இதையே சொல்வேன். ஆனாலும் பம்பாய் நாளிதழின் கண்ணில் இராமேஸ்வரம் எவ்வளவு தொலைவு என்பதை மறக்கக் கூடாது. உள்ளூர் மீனவர் குடியிருப்புகளைப் பற்றிய விவரத்தை அதில் எதிர்பார்ப்பது மிகை.

பக்கப் படத் தொகுப்பில் தேடுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். நாம் தட்டும் சொல்லைக் கணினி தேடுவது படத்தில் அல்ல, எழுத்துணரி மென்பொருள் அந்தப் படத்திலிருந்து படித்தெடுத்த எழுத்தில். மங்கிய அச்சு, கோணலான பக்கம், வரியின் இறுதியில் இரண்டாக முறிந்த சொல் ஆகிய மூன்றும் அதைத் தடுமாற வைக்கும். தனுஷ்கோடி போன்ற நீண்ட ஊர்ப்பெயர் குறுகிய பத்திகளில் அடிக்கடி முறியும். அத்துடன் அக்காலத்தில் ஆங்கிலத்தில் அப்பெயரை எழுதிய முறையும் ஒன்றல்ல. ஊர்ப்பெயரை மட்டும் நம்பாமல் பாம்பன், இராமேஸ்வரம், புயல், ரயில் ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி மாற்றித் தேட வேண்டும். தமிழ்நாடு என்ற பெயர் 1969இலும் ஸ்ரீலங்கா என்ற பெயர் 1972இலும் வந்தவை என்பதால், 1964ஐத் தேடுபவர் மதராஸ் என்றும் சிலோன் என்றும் அன்றைய ஆங்கில வழக்கிலேயே தட்ட வேண்டும். இதையெல்லாம் செய்தும் கிடைக்காவிட்டால், தேடலை விட்டுவிட்டு டிசம்பர் 23 முதல் ஜனவரி முதல் வாரம் வரை நாள்வாரியாகப் பக்கங்களைப் புரட்டுவதே மேல். செய்தி தாமதமாகவும் துண்டு துண்டாகவும் வெளிவந்த இத்தகைய நிகழ்ச்சிகளில், புரட்டிப் பார்ப்பவருக்கே முழுக் கதையும் கிடைக்கும். இறந்தோர் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியதையும் அவரே கவனிப்பார்.

கேல் நிறுவனத்தின் தொகுப்புகள் பிரிட்டனின் பார்வை தேவைப்படுபவருக்கு உரியவை. லண்டன் டைம்ஸ் 1785 முதல் அதில் இருக்கிறது. ஞாயிறு இதழான சண்டே டைம்ஸ் தனித் தொகுப்பு என்பதால், ஒன்றை வாங்கிய நூலகத்தில் மற்றொன்று இல்லாதிருக்கலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைப் பற்றி எழுதுபவருக்கு டைம்ஸில் வந்த கடிதங்களும், படங்களோடு வெளியான இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் வார இதழின் தொகுப்பும் தவிர்க்க முடியாதவை. 1947க்குப் பிந்தைய தமிழகத்துக்கு இவற்றால் பயன் குறைவு. நூலகம் இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்ற நிலையில் கருத்துக் கேட்கப்பட்டால், தெற்காசிய ஆய்வாளர்கள் புரோக்வெஸ்டின் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கே வாக்களிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வார, மாத இதழ்களைத் தேடுபவருக்கு நிலைமை சற்று வேறு. எப்ஸ்கோவின் பொதுத் தரவுத்தளங்களில் ஆங்கில வார இதழ்கள் பல இருந்தாலும், அவற்றில் பல எழுத்து வடிவிலேயே கிடைக்கும். அட்டையும் விளம்பரமும் இல்லாத இதழில் ஆய்வுக்கு வேண்டியது பாதி போய்விடுகிறது. உடை, விளம்பரம், ஒளிப்படம் ஆகியவற்றை ஆய்பவர், 1892 முதல் வோக் இதழை வண்ணப் பக்கங்களாகவே தரும் புரோக்வெஸ்ட் தொகுப்பைப் போன்ற தனி இதழ்த் தொகுப்புகள் நூலகத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். லைஃப் இதழின் பழைய பக்கங்கள் கூகுள் புக்ஸில் இலவசமாகவே உள்ளன. இந்திய அரசியல், பொருளாதார விவாதங்களுக்கு 1966 முதல் வெளிவரும் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியின் பழைய இதழ்கள் ஜேஸ்டோரில் உள்ளன. வார இதழாக இருந்தும் ஆய்விதழ்த் தளத்தில் இருப்பதால், செய்தித்தாள் பகுதியில் தேடுபவர் அதைத் தவறவிடுகிறார். ஜேஸ்டோரில் பொதுவாக அண்மைய சில ஆண்டு இதழ்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, ஆண்டுதோறும் ஒவ்வோர் ஆண்டாகத் திறக்கப்படும். வார இதழ்கள் முன்கூட்டியே அச்சாவதால், டிசம்பர் 22 இரவு நடந்ததை டிசம்பர் இறுதி இதழில் தேடாமல் ஜனவரி இதழ்களில் தேட வேண்டும்.

தமிழ் இதழ்களுக்கு வந்தால்

இதுவரை சொன்ன சந்தாத் தளங்களில் பழைய தமிழ் இதழ்களை எதிர்பார்த்துச் செல்பவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன், 1925இல் தொடங்கிய குடிஅரசு, 1926இல் தொடங்கிய ஆனந்த விகடன், 1934இல் தொடங்கிய தினமணி, 1942இல் தொடங்கிய தினத்தந்தி என்று நீளும் ஒரு பெரும் அச்சு மரபு, கோடிக்கணக்கில் விற்பனையாகும் இந்தத் தரவுத்தளங்களின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இங்கே பல்கலைக்கழக நூலகத்தின் சந்தாவைவிட, அனைவருக்கும் திறந்திருக்கும் மின்னூலகங்களும் தனி ஆய்வு நூலகங்களுமே துணை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பழைய பருவ இதழ்கள் பல பக்கப் படங்களாகக் கிடைக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் திரட்டிய நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, இன்று சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்குள்ள எல்லாமே இணையத்தில் இல்லை. பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டு நேரில் செல்வதே பயனுள்ளது.

இலங்கைத் தமிழ் இதழ்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தின் மின்னூலகம்தான் முதலிடம். சொல்லப்போனால் இரண்டாமிடத்துக்குப் போட்டியே இல்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இத்தளத்தில் நாளிதழ்களும் சிறுசஞ்சிகைகளும் பிரசுரங்களும் இலவசமாக உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண் உண்டு என்பதால் அடிக்குறிப்பில் அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். 1930இல் தொடங்கிய வீரகேசரியையும் 1959 முதல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ஈழநாட்டையும் தேடுபவர் இங்கேயே தொடங்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. எஞ்சிய பிரதிகளைத் தேடித் தேடி மின்வடிவாக்கும் இந்தப் பணி இல்லாவிட்டால், புயலின் வடக்கிலங்கைப் பக்கத்தை உள்ளூர் நாளிதழில் படிக்க ஆய்வாளருக்கு வழி மிகவும் சுருங்கிப் போயிருக்கும். இதழ் வரிசையில் இடைவெளிகள் உண்டு. வேண்டிய நாளின் இதழ் இல்லாதிருக்கலாம். அதற்காக இதைக் குறை சொல்வது நியாயமாகாது.

தமிழ்ப் பக்கப் படங்களில் சொல்லைத் தட்டித் தேடுவது இன்னும் நம்பத்தக்கதாக இல்லை. 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா ஆகியவையும் ணை, லை, ளை, னை ஆகியவையும் வேறு வடிவத்தில் இருந்தன. இன்றைய எழுத்துக்குப் பழக்கப்பட்ட மென்பொருள் அவற்றில் தடுமாறுகிறது. போதாக்குறைக்கு, தமிழில் ஒரு பெயர் வேற்றுமை உருபேற்றும் அடுத்த சொல்லோடு புணர்ந்தும் உருமாறிவிடும். ஆகவே தமிழ் இதழ்களில் நாளே திறவுகோல். டைம்ஸ் ஆஃப் இந்தியாவிலோ வேறு ஆங்கில நாளிதழிலோ தேடி நாட்களைக் குறித்துக்கொண்டு, அதே நாட்களின் தமிழ் இதழ்களைத் திறந்து பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். சந்தாத் தளமும் இலவசத் தளமும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல, ஒன்றில் நாளைக் கண்டுபிடித்து மற்றொன்றில் படிக்க வேண்டியவை என்பது இங்கேதான் தெளிவாகிறது. சில பருவ இதழ்களின் பட்டியலில் ஆங்கில நாளுக்குப் பதில் தமிழ் ஆண்டும் மாதமும் மட்டும் இருக்கலாம். நம் புயலுக்கு அது குரோதி ஆண்டு மார்கழி.

அனைவருக்கும் திறந்திருக்கும் ஆங்கிலத் தளங்களில் மூன்றைக் குறிப்பிட வேண்டும். கூகுள் செய்தி ஆவணக் களஞ்சியத்தில் இந்தியன் எக்ஸ்பிரஸின் பழைய இதழ்கள் பல உள்ளன. மின்வடிவாக்கத்தைக் கூகுள் 2011இல் நிறுத்திவிட்டது, தேடல் வசதியும் சரிவர இயங்குவதில்லை, ஆனால் நாளைத் தேர்ந்து புரட்டலாம். தென்னிந்தியச் செய்திக்கு இது டைம்ஸ் ஆஃப் இந்தியாவைவிட நெருக்கமானது என்பதால், இந்தக் குறைகளோடும் இதைப் பரிந்துரைக்கிறேன். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் உள்ளன; மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை, ஆனால் சில இதழ்களை அந்நாட்டு நூலகக் கட்டடத்துக்குள் மட்டுமே திறக்க முடியும். ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் கான்பெரா டைம்ஸ் 1995 வரை இலவசம். எழுத்துணரியின் பிழைகளை வாசகர்களே திருத்தலாம் என்ற ஏற்பாடு அதன் தேடலை மேம்படுத்தியிருக்கிறது. முகமைச் செய்தியாக ஒரு புயல் உலகெங்கும் எவ்வாறு சென்றது என்று பார்க்க இது உதவும், அதற்கு மேல் அல்ல.

இந்தியாவில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர், ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்த பின் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. ஆனால் அவை ஆய்விதழ்கள். பழைய நாளிதழ்களின் பக்கப் படத் தொகுப்பு அதில் இருக்கும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். அதைத் தனியே வாங்கியிருக்கிறதா என்று உங்கள் நூலகரிடமே கேட்க வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன இலவசத் தளங்களும் சென்னையின் ஆய்வு நூலகங்களுமே உங்கள் முதல் வரிசை. வெளிநாட்டில் உள்ளவர் அவற்றை இரண்டாம் வரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் சந்தாத் தளமாக இருந்தாலும் வளாகத்துக்கு வெளியிலிருந்து திறக்கும்போது நூலகப் பக்கத்தின் இணைப்பிலிருந்தே செல்ல வேண்டும். தேடுபொறி வழியே சென்றால் நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தவர் என்று தளத்துக்குத் தெரியாது. கண்ட கட்டுரையின் முகவரியைக் குறிக்கும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் உள்ளதைப் படியெடுக்காமல், தளம் தரும் நிலையான இணைப்பையே படியெடுக்க வேண்டும். முன்னது சில மணி நேரத்தில் செயலிழந்துவிடலாம். நூற்றுக்கணக்கில் தானியங்கி முறையில் இறக்குவது உரிமத்தை மீறுவதாகும். ஒருவர் அவ்வாறு செய்தால் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் அணுகல் நிறுத்தப்படலாம். சொற்களை எண்ணிப் பகுக்கும் கணினி ஆய்வு உங்கள் நோக்கமென்றால், அதற்கென்றே நிறுவனங்கள் தனித் தளம் வைத்திருக்கின்றன. நூலகம் அதற்கும் பணம் கட்டியிருக்கிறதா என்று முன்னரே கேட்டுக்கொள்வது நலம். பட்டம் பெற்ற பின் பயனர் பெயர் செயலிழக்கும் என்பதால், வேண்டிய பக்கங்களை விவரக் குறிப்போடு அதற்கு முன்னரே சேமித்துவிட வேண்டும். ஆயினும் பல உரிமங்கள் நூலகத்துக்கு நேரில் வரும் எவரும் அங்குள்ள கணினியில் பயன்படுத்த இடமளிக்கின்றன; வெளியூர் ஆய்வாளர்கள் இதைக் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

மின்வடிவில் எங்கும் இல்லாத இதழுக்கு நுண்படச் சுருளே மிச்சம். வட அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர், நூலகங்களுக்கிடையேயான இரவல் முறையில், சிகாகோவிலுள்ள ஆய்வு நூலக மையத்திடமிருந்து தம் நூலகம் சுருள்களைப் பெற முடியுமா என்று விசாரிக்கலாம். உறுப்பு நூலகங்களுக்கு அம்மையம் அவற்றை இரவல் தருகிறது. விண்ணப்பத்தில் ‘1964’ என்று மட்டும் எழுதினால் வேண்டாத சுருள்களும் வரும். இதழின் பெயர், வெளியான ஊர், 1964 டிசம்பர் 23 முதல் 1965 ஜனவரி 10 வரை என்ற நாள் வரம்பு ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்தால், வேண்டிய சுருளை மட்டும் வரவழைக்க முடியும்.